கான்கிரீட்டில் விரிசல் விழுவது ஏன்?

கோடைக் காலத்தில் ஒரு நாள் அம்பத்தூர் ஏரிப் பக்கமோ, பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமோ சென்று பாருங்கள். நீர் பின்வாங்கிய ஓரங்களில் களிமண் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி, மொட்டை மாடியில் ஏறி, சிமெண்ட் பூச்சைக் குனிந்து பாருங்கள். அங்கேயும் பல இடங்களில் அதே கோலம் தெரியும். அளவுதான் சிறியது.

சேறு காய்ந்தால் வெடிப்பதில் வியப்பில்லை. கல்லைப் போல் இறுகிவிட்ட கான்கிரீட் ஏன் வெடிக்க வேண்டும்?

நம்மில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்க ஆள் வரும்போது, விரிசல் கண்ட இடங்களில் சிமெண்டைக் குழைத்து அப்பி, அதன் மேல் வண்ணம் பூசிவிடுகிறோம். சித்திரை, வைகாசி வந்ததும் அதே இடத்தில் அதே விரிசல் தலைகாட்டுகிறது. கொத்தனாரைக் குறை கூறிவிட்டு அடுத்த பொங்கலுக்குக் காத்திருக்கிறோம். காய்ச்சல் எதனால் வந்தது என்று பாராமல் நெற்றியில் ஈரத்துணி மட்டும் போடுவது போன்றது இது. விரிசல் ஓர் அறிகுறி. அதன் காரணத்தை அறிந்த பிறகே அதை அடைக்க வேண்டும்.

சுருக்கமும் தடையும்

முதலில் ஓர் எளிய சோதனை செய்து பாருங்கள். களிமண்ணைக் குழைத்து, எண்ணெய் தடவிய கண்ணாடித் துண்டின் மேல் ஒரு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். அதே சேற்றைச் சொரசொரப்பான செங்கல் ஒன்றின் மேலும் அதே கனத்துக்குப் பரப்புங்கள். இரண்டையும் நிழலில் காய விடுங்கள். கண்ணாடியின் மேலுள்ள மண் வழுக்கிக்கொண்டு தன் போக்கில் சுருங்கும். அதில் வெடிப்பு குறைவாகவே இருக்கும். செங்கல்லைப் பற்றிக்கொண்ட மண்ணோ சுருங்க வழியின்றிப் பல இடங்களில் வெடிக்கும்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? சுருங்குவதால் மட்டும் ஒரு பொருள் வெடித்துவிடாது. சுருங்க முயலும்போது அதைத் தடுத்து நிறுத்தும் ஒன்று இருந்தால்தான் வெடிக்கும். ஏரியில் அடிமண் மேல்மண்ணைத் தடுக்கிறது. வீட்டில் சுவரும் தூணும் உத்திரமும் தளத்தைத் தடுக்கின்றன.

கான்கிரீட் காயும்போது எவ்வளவு சுருங்கும்? கட்டடப் பொறியாளர்கள் தங்கள் கணக்கில் நீளத்தில் 10,000-க்கு 3 பங்கு என்று கொள்கிறார்கள். 10 மீட்டர் நீளமுள்ள தளத்துக்கு இது 3 மி.மீ. ஆகிறது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் கான்கிரீட்டின் குணத்தை நினைவில் கொள்ளுங்கள். அழுத்தும் விசையை அது நன்றாகத் தாங்கும். இழுக்கும் விசையைத் தாங்கும் ஆற்றலோ ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்குதான். தடுக்கப்பட்ட சுருக்கம் இழுவிசையாகிறது. கான்கிரீட் பலவீனமாக இருக்கும் இடத்தில் பிளந்துகொள்கிறது.

இந்தப் பலவீனத்தை ஈடுகட்டத்தான் உள்ளே இரும்புக் கம்பி வைக்கிறோம். பிரெஞ்சு நாட்டுத் தோட்டக்காரரான ஜோசப் மோனியே, இரும்பு வலை வைத்த சிமெண்ட் பூந்தொட்டிகளுக்கு 1867-இல் காப்புரிமை பெற்றார். வெப்பத்தால் இரும்பும் கான்கிரீட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவதால் இரண்டும் பிரியாமல் ஒட்டி வாழ்கின்றன. ஆனால் கம்பி இருந்தால் விரிசலே விழாது என்று எண்ணிவிடாதீர்கள். கம்பி விரிசலைத் தடுப்பதைவிட, அதை அகலவிடாமல் பிடித்துக்கொள்வதே பெரிது. ஒரே பெரிய பிளவுக்குப் பதில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பல மயிரிழைக் கீறல்கள் உண்டாகின்றன. பாதுகாப்பான இடங்களில் 0.3 மி.மீ. வரையிலும், எப்போதும் ஈரம்படும் இடங்களில் 0.2 மி.மீ. வரையிலும் மேற்பரப்புக் கீறல்களை நம் நாட்டுக் கட்டட விதிகளே ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே ஒவ்வொரு கீறலையும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

தொழிற்கூடத் தரைகளில் இன்னொரு உபாயத்தைக் காணலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கப்பட்டது. அது போன்ற இடங்களில் கான்கிரீட் தரையில் சில மீட்டருக்கு ஒன்றாக நேர்கோட்டில் காடி வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக அன்று. தரையின் கனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆழத்துக்கு வெட்டி, 'வெடிப்பதானால் இங்கே வெடி' என்று கான்கிரீட்டுக்கு இடம் காட்டுகிறார்கள். அதுவும் கோட்டுக்குக் கீழே ஒழுங்காக வெடித்துக்கொள்கிறது.

ஒரு மூட்டைக்கு எவ்வளவு தண்ணீர்?

சிமெண்ட் காய்ந்து இறுகுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. சிமெண்ட் தண்ணீருடன் வேதிவினை புரிந்து இறுகுகிறது. இந்த வினைக்குச் சிமெண்டின் எடையில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நீர் போதும். அதாவது 50 கிலோ மூட்டைக்கு 12 லிட்டருக்கும் சற்றுக் குறைவு. வினையில் உண்டாகும் கூழின் நுண்துளைகளில் இன்னும் 7 அல்லது 8 லிட்டர் சிறைப்படுகிறது. ஆக மொத்தம் ஏறத்தாழ 19 லிட்டர். கலவை கரணைக்கு இசைந்து வர வேண்டும் என்பதற்காக 25 லிட்டர் வரை ஊற்றுவது வழக்கம்.

அதற்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு குடமும் கடன்தான். கலவை குழைவாக இருந்தால் கொட்டுவதும் பரப்புவதும் எளிது. அதனால் வேலையாட்கள் தாராளமாக ஊற்றிவிடுகிறார்கள். அந்த மிகை நீர் பின்னால் ஆவியாகி வெளியேறும். அது இருந்த இடம் வெறும் துளையாகும், கான்கிரீட் அதிகம் சுருங்கும், வலிவும் குறையும். மழையில் நனைந்த மணலிலும் தண்ணீர் இருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது.

தளம் போட்ட முதல் சில மணி நேரம் மிகவும் முக்கியமானது. சித்திரை வெயிலும் வறண்ட காற்றும் சேர்ந்தால், கான்கிரீட் இறுகும் முன்பே மேற்பரப்பு நீர் வேகமாக ஆவியாகிவிடும். அடியிலிருந்து ஊறி வரும் நீர் அதை ஈடு செய்ய முடியாதபோது, பச்சைத் தளத்திலேயே கீறல்கள் விழும். காலையிலோ மாலையிலோ தளம் போடுவதும், போட்டவுடன் ஈரச்சாக்கு அல்லது பாலிதீன் தாளால் மூடுவதும் இதற்கு மருந்து. மேற்பரப்பு பளபளக்க வேண்டும் என்று காய்ந்த சிமெண்டைத் தூவித் தேய்ப்பதும் கெடுதலே. மேலே ஒரு மெல்லிய சத்துமிக்க படலம் உண்டாகி, அது மட்டும் அதிகமாகச் சுருங்கி, வலைப்பின்னல் போன்ற கீறல்களைக் காட்டும். இவை ஆழமில்லாதவை, கண்ணுக்கு உறுத்துமே தவிர, கட்டடத்துக்கு ஆபத்தில்லை.

தளம் இறுகியதும் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குகிறோம் அல்லவா? சாதாரண சிமெண்டுக்கு இது குறைந்தது 7 நாள். வறண்ட, வெப்பமான காலத்தில் 10 நாள். சாம்பல் கலந்த சிமெண்டாக இருந்தால் 14 நாள் வரை நனைப்பது நல்லது. மூன்றாம் நாளே பாத்தியை உடைத்துவிட்டால் சிமெண்டின் தாகம் தணியாமல் போகிறது.

வெயிலும் மண்ணும்

பழைய தளத்திலும் புது விரிசல் விழுவது ஏன்? இதற்கு இரண்டு காரணங்களைத் தேட வேண்டும். ஒன்று தலைக்கு மேலே உள்ளது. மற்றது காலுக்குக் கீழே உள்ளது.

மேலே இருப்பது வெயில். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் காற்றின் வெப்பநிலை 45 பாகை செல்சியஸைத் தொட்டது. மொட்டை மாடித் தளம் காற்றைவிட இன்னும் அதிகமாகச் சூடேறும். ஒரு மீட்டர் கான்கிரீட் ஒரு பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.01 மி.மீ. நீளும். 10 மீட்டர் தளம் 30 பாகை சூடேறினால் 3 மி.மீ. நீளும்; விடியற்காலையில் மீண்டும் சுருங்கும். இப்படி ஆண்டு முழுவதும் அது மூச்சு விடுகிறது. தளத்துக்கு அடியிலுள்ள சுவர் நிழலில் இருப்பதால் அவ்வளவு நீளுவதில்லை. இதனால்தான் மேல்மாடியில் தளமும் சுவரும் சேரும் இடத்தில் கிடைக்கோடாக ஒரு விரிசலைப் பல வீடுகளில் காண்கிறோம். செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, நாள் கணக்கில் கட்டையால் அடித்துத் தளத்தின் மேல் பரப்பிய நம் பழைய முறை மழைநீரை வடியச் செய்ததோடு, வெயிலையும் தடுத்தது. இன்றைய வெள்ளைப் பூச்சும் வெளிர்நிற ஓடும் அதே பணியைச் செய்கின்றன.

கீழே இருப்பது மண். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஏரிப் பாசன வயல்களாக இருந்த நிலங்கள் பல இன்று வீட்டுமனைகளாகிவிட்டன. அவற்றில் பல களிமண் பூமி. மாண்ட்மோரிலோனைட் போன்ற கனிமம் மிகுந்த களிமண், ஏட்டின் தாள்களைப் போன்ற நுண்ணிய படலங்களால் ஆனது. படலங்களுக்கிடையே நீர் புகுந்தால் மண் உப்பும். நீர் நீங்கினால் சுருங்கும். வீட்டின் நடுப்பகுதிக்கு அடியிலுள்ள மண் ஈரம் மாறாமல் இருக்க, ஓரத்து மண் மட்டும் கோடையில் காய்ந்து தாழ்கிறது. அதனுடன் சுவரும் தாழ, சன்னலின் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்புகிறது. தரைக் கான்கிரீட்டும் சுவரோரமாகப் பிரிகிறது.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 செ.மீ. அளவில் பெய்யும் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. மற்ற மாதங்களில் நிலம் காய்கிறது. ஆண்டுக்கு ஆண்டு வேறுபாடும் பெரிது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பித் திறந்துவிடப்பட்டு அடையாற்றில் வெள்ளம் பாய்ந்தது. 2019 கோடையில் அதே ஏரி வறண்டு கிடந்தது. ஏரிக்கு நேர்வது அதைச் சூழ்ந்த மண்ணுக்கும் நேர்கிறது. அந்த மண்ணின் மேல்தான் நம் வீடுகள் நிற்கின்றன.

இத்தகைய மண்ணுக்கென ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் 'அண்டர்ரீம் பைல்' என்னும் அடித்தள முறையை ஆராய்ந்து நாடெங்கும் பரவச் செய்தது. பருவத்துக்குப் பருவம் உப்பிச் சுருங்கும் மேல்மண்ணைத் தாண்டி, 3.5 மீட்டருக்குக் குறையாத ஆழத்துக்குத் துளையிட்டு, அடியில் குடம் போல் அகலப்படுத்திக் கான்கிரீட் நிரப்புகிறார்கள். மேல்மண் எழுந்தாலும் தாழ்ந்தாலும், நிலையான அடிமண்ணில் வேர் ஊன்றிய தூண் அசைவதில்லை. கட்டிய வீட்டுக்கு இதைச் செய்ய இயலாது. எனினும் சுவரோரம் மழைநீர் தேங்காமல் சரிவான தளம் அமைத்தல், கசியும் குழாயை உடனே சரி செய்தல், பெரிய மரங்களைச் சுவரை விட்டுத் தள்ளி நடுதல் ஆகியவற்றால் மண்ணின் ஈரத்தை ஓரளவு நிலையாக வைக்கலாம்.

உள்ளிருந்து வரும் விரிசல்

இதுவரை சொன்ன விரிசல்கள் வெளிக்காரணங்களால் வந்தவை. எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது உள்ளிருந்து வருவது.

கான்கிரீட் மிகுந்த காரத்தன்மை உடையது. அந்தக் காரச் சூழலில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகி, துருவைத் தடுக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே புகுந்து இந்தக் காரத்தைக் கெடுக்கிறது. கெடுதல் கம்பியை எட்டியதும், ஈரமும் காற்றும் கிடைத்தால் துரு பிடிக்கத் தொடங்கும். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் 2 முதல் 6 மடங்கு வரை பெருகும். அந்த நெருக்கத்தைத் தாங்காமல் கம்பியின் போக்கிலேயே கான்கிரீட் பிளந்து, கடைசியில் சில்லுச் சில்லாகக் கூரையிலிருந்து விழும். அடியில் தூங்கும் குழந்தையை அது பார்ப்பதில்லை.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். கரியமில வாயுவினால் கெடும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. உதாரணமாக, 10 மி.மீ. கெட 9 ஆண்டு ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 20 மி.மீ. கெட 18 ஆண்டன்று, 36 ஆண்டு ஆகும். கம்பிக்கு வெளியே உள்ள மறைப்பை இரண்டு மடங்காக்கினால் ஆயுள் நான்கு மடங்காகிறது! தளத்துக்குக் குறைந்தது 20 மி.மீ., மழையில் நனையும் இடங்களுக்கு 30 மி.மீ. மறைப்பு வேண்டும் என்பது இதனால்தான். கம்பிக்கு அடியில் வைக்கும் சிறிய கவர் பிளாக்குகளின் விலை அற்பம். அவற்றை வைக்க மறந்தால் இழப்போ பல ஆண்டு ஆயுள். கான்கிரீட்டில் கம்பி துருப்பிடிப்பதைப் பற்றி நம் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாக ஆராய்ந்து, கம்பிகளுக்கான காப்புப் பூச்சு முறைகளையும் உருவாக்கியுள்ளது.

விரிசலுக்கு ஒரு நாட்குறிப்பு

காரணங்களை அறிந்தோம். நம் வீட்டு விரிசல் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டாம். பென்சிலும் காகிதமும் பொறுமையும் போதும்.

முதலில் விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசல் வளர்ந்தால் கோட்டைத் தாண்டும். அடுத்து அகலம். ஒரு தடித்த புத்தகத்தின் 100 தாள்களை அழுத்திப் பிடித்து அளவுகோலால் அளந்து 100-ஆல் வகுத்தால் ஒரு தாளின் கனம் கிடைக்கும். பெரும்பாலும் அது 0.1 மி.மீ. அளவில் இருக்கும். எத்தனை தாள்களைச் சேர்த்தால் விரிசலில் நுழைகிறது என்று பாருங்கள், அகலம் தெரிந்துவிடும். இந்தியத் தர நிறுவனம் 1984-இல் வெளியிட்ட கையேடு 1 மி.மீட்டருக்குக் குறைந்ததை மெல்லிய விரிசல் என்றும், 1 முதல் 2 மி.மீ. வரை உள்ளதை நடுத்தரம் என்றும், அதற்கு மேற்பட்டதை அகன்ற விரிசல் என்றும் வகைப்படுத்துகிறது.

பள்ளி ஆய்வகத்தில் உள்ளது போன்ற மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை, சிறுவர் கைக்கு எட்டாத உயரத்தில், விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் சிமெண்டால் ஒட்டலாம். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும்.

இந்த அளவுகளை விடியற்காலையிலும் பிற்பகலிலும், மே மாதத்திலும் டிசம்பரிலும் எடுத்துக் குறித்து வாருங்கள். ஓராண்டில் விரிசல் தன் கதையைச் சொல்லிவிடும். தளத்திலுள்ள விரிசல் விடியலில் அகன்று பிற்பகலில் குறுகினால் அது வெயிலின் வேலை. சுவரில் சாய்வாக ஓடும் விரிசல் கோடையில் அகன்று மழைக்காலத்தில் குறுகினால் மண்ணின் வேலை. எந்தக் காலத்திலும் மாறாமல் இருந்தால், கான்கிரீட் இளமையில் சுருங்கியபோது விழுந்து ஓய்ந்துவிட்ட விரிசல். ஒரு திசையிலேயே வளர்ந்துகொண்டு போனால் உடனே கவனிக்க வேண்டியது.

பொங்கல் பூச்சு ஏன் நிற்பதில்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா? மழை முடிந்த தை மாதத்தில் களிமண் உப்பியிருக்கிறது. சுவர் விரிசல் மிகக் குறுகியிருக்கிறது. அந்த நேரத்தில் கடினமான சிமெண்டை வைத்து அடைக்கிறோம். கோடையில் விரிசல் அகலும்போது, நீளத் தெரியாத சிமெண்ட் பிய்ந்துகொள்கிறது.

எதற்கு எந்த மருந்து?

ஓய்ந்துவிட்ட மயிரிழைக் கீறலுக்குப் பெரிய சிகிச்சை வேண்டாம். ஈரம் படும் இடங்களில் கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்பு கரைந்து வந்து, கரியமில வாயுவுடன் கூடி, வெண்ணிறப் படிவாகிக் கீறலைத் தானே மூடிவிடுவதும் உண்டு. சற்றுப் பெரிய, அசையாத விரிசலைக் காடி வெட்டி, தூசு நீக்கி, நனைத்து, சுருங்காத கலவையால் நிரப்பலாம். உத்திரம் போன்ற சுமை தாங்கும் உறுப்பானால், தக்க வல்லுநரைக் கொண்டு எபாக்சிப் பிசினை ஊசி வழியாகச் செலுத்தி இருபுறத்தையும் ஒட்டவைக்க வேண்டும்.

அசையும் விரிசலுக்குக் கடினமான பொருள் கூடாது. ஆப்பு வடிவில் காடி வெட்டி, பாலியூரிதேன் அல்லது பாலிசல்பைடு போன்ற ரப்பரைப் போல நீண்டு சுருங்கும் பொருளால் அடைக்க வேண்டும். காடி அகலமாக இருப்பது நல்லது; அசைவு அதிக நீளத்தில் பரவுவதால் அடைப்பு அறுந்துபோகாது.

துருவால் வந்த விரிசலில் மேற்பூச்சு அறவே பயன்படாது; உள்ளே துரு தொடர்ந்து வளரும். தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் ஒரு விரல் நுழையும் வரை உடைத்தெடுத்து, கம்பி பளிச்சென்று ஆகும்வரை தேய்த்து, காப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும். கம்பி மிகவும் மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். எந்த ஓட்டையால் ஈரம் வந்ததோ அதையும் அடைக்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவை

சில விரிசல்களுக்கு நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. தூணில் செங்குத்தாக ஓடும் விரிசல், உத்திரத்தின் முனையருகே சாய்வாக ஓடும் விரிசல், சன்ஷேடும் பால்கனியும் சுவரைச் சேரும் இடத்தில் மேற்புறம் காணும் விரிசல் ஆகியவை அத்தகையவை. சன்ஷேடுக்கு முக்கியக் கம்பி மேற்பக்கத்தில் இருக்க வேண்டும், இழுவிசை அங்கேதான். கான்கிரீட் கொட்டும்போது யாராவது அதன் மேல் ஏறி நின்று கம்பி கீழே அமுங்கிவிட்டால், வெளியே பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். உள்ளே வலிவு இராது. இத்தகைய விரிசலைக் கண்டால், முதலில் அதன் அடியில் ஆட்கள் நிற்பதைத் தடுத்துவிட்டு, உடனே கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள்.

மற்றவற்றுக்கு அவசரமில்லை. இந்த ஆண்டு வெள்ளையடிக்க ஆள் வரும்முன், வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, விரிசல் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துத் தேதியிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கோடையில் அந்தக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். எதை அடைப்பது, எதனால் அடைப்பது, எதை அப்படியே விட்டுவிடுவது என்பதை அந்தக் குறிப்பே உங்களுக்குச் சொல்லும்.